அம்மாவின் சினைப்பைக் கட்டி: வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்கு முன்னால் யாரைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக இங்கே எழுதிக்கொள்கிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். அம்மாவுக்கு 61 வயது, மாதவிடாய் நின்று பத்து வருடம் ஆகிறது. மூன்று மாதமாக வயிறு உப்பலாகவே இருக்கிறது, இரண்டு இட்லி சாப்பிட்டாலே போதும் என்கிறார். இங்கே சிங்கப்பூரில், வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள தனியார் மகளிர் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்ததில் இடது சினைப்பையில் 9 சென்டிமீட்டர் கட்டி, உள்ளே பல அறைகள், ஓர் ஓரத்தில் கெட்டியான பகுதி. சிஏ-125 (சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனையில் 148. அடுத்த வெள்ளிக்கிழமை லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியாக, எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். அப்படியே செய்துகொள்ளலாமா, புற்றுநோய் நிபுணரைப் பார்க்க வேண்டுமா, பலதுறை மருந்தகம் (அரசு பாலிகிளினிக்) வழியாகப் போனால் ரொம்ப நாளாகுமா, அத்தை சொல்கிற மாதிரி சென்னைக்கே கூட்டிப் போய்விடலாமா?

வெள்ளிக்கிழமை ஆபரேஷனைத் தள்ளி வையுங்கள். ரத்து செய்யக்கூட வேண்டாம், “இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறோம்” என்று சொன்னாலே போதும், எந்த டாக்டரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அம்மாவின் வயிற்றைத் திறக்கும் முதல் ஆள் மகளிர் புற்றுநோய் அறுவை நிபுணரான கைனக் ஆங்காலஜிஸ்டாக இருக்க வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. மகளிர் புற்றுநோய் வார்டில் 24 வருடம் தாதியாக இருந்தவள். இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்லப்போவது ஒன்றுதான், அதை ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன்: சினைப்பைப் புற்றுநோயில் முதல் ஆபரேஷன் யார் கையில் நடக்கிறது என்பதைப் பொறுத்துப் பின்னால் வரும் பல விஷயங்கள் மாறும்.

கைனக் ஆங்காலஜிஸ்ட் என்பவர் பிரசவம், ஃபைப்ராய்டு, நீர்க்கட்டி எல்லாம் பார்க்கும் மகளிர் மருத்துவ நிபுணராகி, அதற்குமேலும் சில வருடம் புற்றுநோய் அறுவை மட்டுமே பயின்றவர். சாதாரண கட்டியை எடுப்பதில் உங்கள் கிளினிக் டாக்டர் ஒன்றும் குறைந்தவர் இல்லை, ஒருவேளை வேகமாகவும் அழகாகவும் செய்வார். ஆனால் உள்ளே போன பிறகு அது புற்றுநோய் என்று தெரிந்தால் வேலை வேறு. கருப்பை, இரண்டு சினைப்பை, குழாய்கள், குடலின் மேல் போர்வை மாதிரித் தொங்கும் ஓமெண்டம் என்கிற கொழுப்புத் திரை, வயிற்றைக் கழுவி எடுத்த நீர், சந்தேகமான இடங்களிலிருந்தெல்லாம் சிறு துண்டுகள், சிலருக்கு நிணநீர்க் கணுக்கள், பரவியிருந்தால் குடலின் ஒரு பகுதிகூட எடுக்க வேண்டியிருக்கும். பரவிய நோயில் கண்ணுக்குத் தெரியும் கட்டி எதுவும் மிச்சமில்லாமல் எடுத்தால்தான் நோயாளி அதிக நாள் இருக்கிறார் என்பது பல வருடமாகப் பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். அப்படி எடுக்கத் தெரிந்த கை, துணைக்கு வரக்கூடிய குடல் அறுவை நிபுணர், ஐசியூ எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்க வேண்டும்.

சரி, உங்கள் அம்மாவுக்கு அது புற்றுநோயா? ஸ்கேனை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சாதாரணக் கட்டியாக இருக்கலாம், நடுவில் நிற்கிற பார்டர்லைன் வகையாகவும் இருக்கலாம். ஆனால் எவ்வளவு சந்தேகப்பட வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது, ஆர்எம்ஐ (புற்றுநோய் அபாயக் குறியீடு) என்பார்கள், 1990-லிருந்து புழக்கத்தில் இருப்பது. சிஏ-125 எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், 148. மாதவிடாய் நின்றவர் என்றால் 3-ஆல் பெருக்க வேண்டும், நிற்காதவருக்கு 1. ஸ்கேனில் சந்தேக அடையாளங்கள் ஐந்து உண்டு: பல அறைகள், கெட்டியான பகுதி, இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறு இடங்களில் பரவல். இதில் ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. அம்மாவுக்கு இரண்டு இருக்கிறது. ஆக 148 பெருக்கல் 3 பெருக்கல் 3, 1332 வருகிறது. 200-ஐத் தாண்டினாலே புற்றுநோய் நிபுணரிடம் அனுப்புவது வழக்கம். 1332 என்பது பயமுறுத்துவதற்கான எண் இல்லை, இவ்வளவு பெரிய எண்ணிலும் கட்டி சாதாரணமாக இருந்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த எண்ணோடு சாதாரணக் கட்டி என்று நினைத்து உள்ளே போகக்கூடாது.

சிஏ-125 பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இப்போதெல்லாம் ஹெல்த் ஸ்கிரீனிங் பேக்கேஜில் இதைச் சேர்த்து விற்கிறார்கள். 35-க்குக் கீழே இருப்பது வழக்கமான அளவு. ஆனால் எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு, ஏன், மாதவிடாய் நாட்களில்கூட இது ஏறும். மறுபக்கம், ஆரம்பக் கட்ட சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது ஏறவே ஏறாது. அதனால் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் இதை எடுத்துப் பார்த்து நிம்மதி அடைவதிலும் அர்த்தமில்லை, பயப்படுவதிலும் அர்த்தமில்லை. உங்கள் அம்மா மாதிரி கட்டி இருப்பது தெரிந்த பிறகு எடுத்தால் அதற்குப் பயன் உண்டு.

லேப்ராஸ்கோப்பிக்கு ஏன் இவ்வளவு தயங்குகிறேன் என்றால், என் சொந்த அக்காவின் கதை. பல வருடத்துக்கு முன், ஒரு கிளினிக்கில் (பெயர் வேண்டாம்) இதே மாதிரி ஒரு கட்டி, நீர்க்கட்டிதான் என்று சிறு துளை வழியாக எடுத்தார்கள். எடுக்கும்போது உள்ளேயே உடைந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்தது. சினைப்பைக்குள்ளேயே அடங்கிய நோய் 1ஏ கட்டம், ஆபரேஷனில் உடைந்து சிந்தினால் அதுவே 1சி கட்டம் ஆகிவிடுகிறது. கீமோ வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடிய இடத்தில் கீமோ போட்டார்கள். அதற்கு முன்னால் இன்னொரு முறை வயிற்றைத் திறந்து விட்டுப்போன வேலையெல்லாம் செய்தார்கள். அக்கா இப்போது ஈசூனில் பேரனைப் பள்ளிக்குக் கூட்டிப் போய்க்கொண்டு நன்றாக இருக்கிறார், ஆனால் அந்த ஆறு மாதம் அவருக்குத் தேவையே இல்லாமல் வந்தது. அப்போது நான் இந்த வார்டுக்கு வந்திருக்கவில்லை, எனக்கும் தெரியவில்லை. இன்று வரை அது என் மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. இதே காரணத்துக்காக, சினைப்பைக் கட்டியில் ஊசி போட்டு நீரை உறிஞ்சிப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே பரவிவிட்டது என்று சிடி ஸ்கேனில் தெரிந்தால், பரவிய இடத்திலிருந்து ஊசியால் சதை எடுப்பார்கள், அது வேறு விஷயம்.

கைனக் ஆங்காலஜிஸ்ட் செய்தால் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் நெஞ்சு முதல் இடுப்பு வரை சிடி ஸ்கேன். குடலிலோ இரைப்பையிலோ தொடங்கிச் சினைப்பைக்கு வந்த நோயாக இருக்கக்கூடாது என்பதற்காக சிஇஏ, சிஏ 19-9 என்று இன்னும் இரண்டு ரத்தப் பரிசோதனை, சிலருக்கு கேமரா விட்டும் பார்ப்பார்கள். ஆபரேஷனில் தொப்புளுக்கு மேலிருந்து கீழே நேராக ஒரு வெட்டு. கட்டியை உடையாமல் முழுசாக வெளியே எடுத்ததும் அதை ஒரு டப்பாவில் போட்டு லேப்புக்குக் கொண்டு ஓடுவோம். அங்கே நோயியல் டாக்டர் அதைக் குறுக்கே வெட்டி, சந்தேகமான இடத்தில் ஒரு துண்டை உறையவைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அரை மணி நேரம் போல ஆகும். அந்த அரை மணி நேரம் தியேட்டரில் யாரும் அதிகம் பேச மாட்டார்கள், மயக்க மருந்து டாக்டரின் மானிட்டர் சத்தம் மட்டும் கேட்கும், சர்ஜன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். போன் அடிக்கும், ஸ்பீக்கரில் போடுவார்கள். “சாதாரணக் கட்டி” என்றால் தைத்துவிட்டு வெளியே. “புற்றுநோய்” என்றால் அதே மேசையில், அதே மயக்கத்தில், மீதி வேலை தொடங்கிவிடும். முழு ரிப்போர்ட் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதில் சில சமயம் போனில் சொன்னது மாறுவதும் உண்டு.

அதனால் எந்த டாக்டரைப் பார்த்தாலும் இதைக் கேளுங்கள்: “உள்ளே போய்ப் பார்த்துப் புற்றுநோய் என்று தெரிந்தால், அப்போதே மீதியை யார் செய்வார்?” “தைத்துவிட்டு, பிறகு அனுப்புவோம்” என்று பதில் வந்தால் அங்கே செய்துகொள்ள வேண்டாம்.

இப்போது எங்கே போவது. கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனை என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னமும் பிள்ளை பெறும் ஆஸ்பத்திரிதான், தப்பும் இல்லை, 1966-இல் ஒரே வருடத்தில் 39,835 குழந்தைகள் பிறந்த இடம் அது. புற்றுநோய் என்று சொல்லி அங்கே போகச் சொன்னால் “அங்கே என்ன பார்ப்பார்கள்” என்று கேட்ட பாட்டிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அங்கே மகளிர் புற்றுநோய்க்கென்றே தனி நிலையம் இருக்கிறது. தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். அது தவிர ஊட்ரம் பக்கம் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையும் தேசியப் புற்றுநோய் நிலையமும், கென்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் அதன் புற்றுநோய்க் கழகமும். தனியாரிலும் நல்ல கைனக் ஆங்காலஜிஸ்டுகள் இருக்கிறார்கள். இவற்றில் எது சிறந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், எங்கே சீக்கிரம் அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்கிறதோ, எங்கே ஒவ்வொரு நோயாளியின் ஸ்கேனையும் ஸ்லைடையும் வைத்து எல்லாத் துறை டாக்டர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற டியூமர் போர்டு இருக்கிறதோ, அங்கே போங்கள்.

பணம் ஒரு கவலை என்றால் பலதுறை மருந்தகம் வழியாகவே போங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம் வேண்டுமென்றால் அங்கிருந்துதான் கடிதம் வாங்க வேண்டும் (சாஸ் என்ற அரசு உதவித் திட்டத்தில் உள்ள ஜிபி, அதாவது பொது மருத்துவர், கிளினிக்கிலும் வாங்கலாம்). தனியார் டாக்டரின் கடிதத்தோடு நேரே போனாலோ, இன்ன டாக்டர்தான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டாலோ தனியார் நோயாளியாகிவிடுவீர்கள். அப்படி உள்ளே போய்விட்டு நடுவில் மானியத்துக்கு மாறுவது எளிதில்லை. நோயாளி மானியமா தனியாரா என்று பார்த்து டியூமர் போர்டு முடிவு மாறுவதில்லை, நான் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

ரொம்ப நாளாகுமா என்ற கேள்விக்கு, கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. “சினைப்பைக் கட்டி” என்று மட்டும் இருந்தால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். “புற்றுநோய் சந்தேகம், மாதவிடாய் நின்றவர், ஆர்எம்ஐ 1332, அவசரம்” என்று இருந்தால் வேறு மாதிரி நகரும். அதனால் பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட், ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க், ரத்தப் பரிசோதனை முடிவு மூன்றையும் கிளினிக்கில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கேட்டால் கொடுப்பார்கள். அந்த எண்ணை டாக்டரிடம் நீங்களே சொல்லலாம், கூச்சப்பட வேண்டாம். கிடைத்த தேதி இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளி இருந்தால், கடிதத்தில் அவசரம் என்று இருப்பதைச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து முன்கூட்டிக் கேளுங்கள், யாராவது தேதியை மாற்றிக்கொண்டுதான் இருப்பார்கள். சரியான சர்ஜனுக்காக ஒன்றிரண்டு வாரம் காத்திருப்பதால் வரும் நஷ்டத்தைவிட, தப்பான ஆபரேஷன் சீக்கிரம் நடப்பதால் வரும் நஷ்டம் பெரிது.

பில் வந்த பிறகு மருத்துவச் சமூக ஊழியரைத் தேடாதீர்கள். முதல் நாளே பாருங்கள். மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு), மெடிஷீல்டு லைஃப் (அரசு மருத்துவக் காப்புறுதி), கையில் இருக்கும் தனியார் காப்புறுதி, கடைசியாக மெடிஃபண்ட் (அரசு உதவி நிதி) என்று வரிசையாக எது எதற்குப் பயன்படும் என்று அவர்கள் உட்கார்ந்து சொல்வார்கள். 2022 செப்டம்பரிலிருந்து மெடிஷீல்டு லைஃப் புற்றுநோய் மருந்துகளுக்கு ஒரு பட்டியலை வைத்துத்தான் பணம் கொடுக்கிறது, அதனால் டாக்டர் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னால் “இது பட்டியலில் இருக்கிறதா” என்று கேட்பது நியாயமான கேள்வி. வீட்டில் பணிப்பெண் வைத்திருப்பவர்களும் இதைக் கவனியுங்கள்: 2023 ஜூலை முதல் எடுத்த அல்லது புதுப்பித்த காப்புறுதியில் வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி வரை ஆஸ்பத்திரிச் செலவுக்கு இடம் இருக்க வேண்டும். அவருக்கு ரத்தப்போக்கு என்றால் “ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்” என்று டிக்கெட் போடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அத்தை சொல்கிற சென்னை. அங்கே நல்ல மருத்துவம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது, இன்றைக்கும் பெயர் பெற்ற இடம். ஆனால் உங்கள் அம்மாவுக்கு இது ஒரு ஆபரேஷனோடு முடிகிற வேலையாக இருக்காது. புற்றுநோய் என்றால் பெரும்பாலும் கார்போபிளாட்டின், பேக்லிடாக்செல் என்ற இரண்டு மருந்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஆறு தடவை. பரவியிருந்தால் மூன்று தடவை கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்து, பிறகு மீதி மூன்று. எப்படிப் பார்த்தாலும் ஐந்தாறு மாதம். நடுவில் ஒரு ராத்திரி காய்ச்சல் வந்தால் விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், வெள்ளை அணுக்கள் குறைந்த நேரத்தில் காய்ச்சல் உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் மகளும் மருமகனும் பக்கத்தில் இருப்பது பெரிய விஷயம். மெடிசேவையும் மெடிஷீல்டு லைஃபையும் சென்னையில் பயன்படுத்த முடியாது என்பதையும் அத்தையிடம் சொல்லுங்கள். அங்கேயே போய் இருக்கப் போகிறவர், அங்கே பிள்ளைகள் இருக்கிறவர் என்றால் என் பதில் வேறு.

அம்மாவிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் குடும்பங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது: டாக்டர் ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் பேசுவார், மகள் தமிழில் “ஒரு சின்னக் கட்டியாம்மா, எடுத்துடலாம்” என்பார். அம்மா என் முகத்தைப் பார்ப்பார். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஒரு முறை ஓர் அம்மா, மகள் காப்பி வாங்கப் போன நேரத்தில் என் கையைப் பிடித்து, “அவளுக்குத் தெரியுமா, இல்லை நான்தான் சொல்லணுமா?” என்று கேட்டார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது உங்கள் அம்மா. புற்றுநோயாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை அவரிடம் சொல்லுங்கள். உங்களால் முடியவில்லை என்றால் தமிழ் பேசும் தாதியோ டாக்டரோ இருக்கிறார்களா என்று கேளுங்கள், பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். அம்மாவை ஐந்து நிமிடம் டாக்டரோடு தனியாகவும் விடுங்கள், மகள் முன்னால் கேட்க முடியாத கேள்விகள் அவருக்கும் இருக்கும்.

புற்றுநோய் என்று உறுதியானால், உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சினைப்பைப் புற்றுநோய் வந்த பெண்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு பிஆர்சிஏ மரபணுவில் பிறவியிலேயே மாற்றம் இருக்கிறது. அம்மாவுக்கு அந்தச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், ஓலாபாரிப் மாதிரிப் புற்றுநோய் மாத்திரைகள் அவருக்கு எவ்வளவு பயன்படும் என்பதும் அதில் தெரியும். அம்மாவுக்கு இருந்தால் உங்களுக்கும் உங்கள் அண்ணன் தம்பிக்கும் வர சரிபாதி வாய்ப்பு, ஆண்கள் வழியாகவும் பேத்திகளுக்குப் போகும். மாற்றம் இருப்பது தெரிந்த பெண்கள் பிள்ளை பெற்று முடித்த பிறகு, வகையைப் பொறுத்து 35-லிருந்து 45 வயதுக்குள் சினைப்பையையும் குழாய்களையும் எடுத்துக்கொள்ளும்படி ஆலோசனை சொல்கிறார்கள். மரபணு ஆலோசகரிடம் பேசாமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

இதைப் படிக்கிற மற்ற பெண்களுக்கு, வேகமாக. சிங்கப்பூரில் இப்போது கருப்பைவாய்ப் புற்றுநோயைவிடக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்தான் அதிகம். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், துணியில் காப்பிக் கறை மாதிரி இருந்தாலும், ஒரே ஒரு முறைதான் என்றாலும் போய்க் காட்டுங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு வேறு காரணம்தான் இருக்கும், அந்தப் பத்தாவது ஆளுக்கு இந்த நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஆபரேஷனோடு முடிந்துவிடும். அந்த நோய்க்கு லேப்ராஸ்கோப்பி நல்ல வழிதான். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதை மாறுகிறது: 2018-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், கருப்பையைச் சுற்றியுள்ள திசுக்களோடு எடுக்கும் பெரிய ஆபரேஷனைச் சிறு துளை வழியாகச் செய்தவர்களுக்கு நோய் அதிகம் திரும்பி வந்தது, இறப்பும் அதிகம். இதனால்தான் “சின்னத் தழும்பு, இரண்டு நாளில் வீடு” என்ற விளம்பரத்தை வைத்து யாரும் முடிவெடுக்கக்கூடாது என்கிறேன். ஒவ்வொரு உறுப்புக்கும் கணக்கு வேறு. பிள்ளை வேண்டும் என்று நினைக்கிற இளம் பெண்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள், ஆரம்பக் கட்டம் என்றால் கருப்பையைக் காப்பாற்றும் வழிகள் சிலருக்கு உண்டு, எடுத்த பிறகு சொல்லி ஒன்றும் ஆகாது. 30 வயதானால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எச்பிவி சோதனை, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடுவது.

உங்கள் அம்மாவுக்குத் திரும்ப வருகிறேன். அப்பாயிண்ட்மெண்ட் வரும் வரை வழக்கம்போல் சாப்பிடட்டும், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி, முட்டை, மீன், பருப்பு, தயிர் குறையாமல். பத்தியம் வேண்டாம், மெலிந்த உடம்போடு பெரிய ஆபரேஷனுக்குப் போகக்கூடாது. தினமும் ப்ளாக்குக்குக் கீழே அரை மணி நேரம் நடக்கட்டும். நாட்டு மருந்து, கஷாயம் ஏதாவது குடித்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தம் உறைவதைக் குழப்புகிற பொருள்கள் அவற்றில் இருக்கலாம். ஒரு பக்கம் திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி என்றால் கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், கேகேயில் பெண்களுக்கென்றே 24 மணி நேர அவசரப் பிரிவு இருக்கிறது, நேரே அங்கே போங்கள். போகும்போது அந்த டிஸ்க்கையும் ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.